முழங்கை மடிப்பில் ஒரு கடல்

பைக்காரா ஏரியின் படகுத்துறையில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்ததுதான் அவரைப் பற்றிய என் முதல் நினைவு. மாசி மாதக் காலை. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஏரியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. நான் கடையைத் திறந்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, குடத்தோடு கீழே இறங்கியிருந்தேன். அந்தக் குளிரில் சட்டைக்கு மேல் ஒரு துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனம் செய்து பிடிபட்டவர் போல எழுந்து நின்றார். "உப்பே இல்லங்க. தெரியும், ஏரித் தண்ணிதான். ஆனாலும் இம்புட்டுத் தண்ணியப் பாத்ததும் கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த படகோட்டி என்று பிறகு தெரிந்தது. ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஒரு புயலில் அவருடைய படகு கரையிலேயே கிடந்து உடைந்துபோயிருந்தது. கொஞ்ச காலம் எங்காவது சம்பளத்துக்கு இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று, தெரிந்தவர் ஒருவர் சொன்ன வார்த்தையை நம்பி மலையேறி வந்திருந்தார். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் அவரைக் கடல்காரர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எங்கள் கடை, வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து படகுத்துறைக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது. டீ, பஜ்ஜி, வேகவைத்த சோளம், பிரெட் ஆம்லெட், முன்னால் கம்பியில் தொங்கும் கம்பளிக் குல்லாய்கள். அப்பா காரமடையிலிருந்து இளம் வயதில் மேலே வந்து ஆரம்பித்த கடை. அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டாள். ஊட்டியில் தமிழ் இலக்கியம் படித்து முடித்த வருடம் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அதன் பிறகு கடையும் நானும் என்றாகிவிட்டது. கடைக்குப் பின்புறம் ஒட்டினாற்போல இருந்த அறையில் அப்பாவின் கட்டிலைப் போட்டிருந்தேன். நடுவிலிருந்த பலகைக் கதவைத் திறந்து வைத்தால், அவர் படுத்தபடியே என் முதுகையும், எனக்கு அப்பால் பாதையில் போகிறவர்களின் தோள்களையும் பார்க்கலாம். சீசனில் அந்தத் தோள்களுக்கு முடிவே இருக்காது. ஆனி பிறந்து மழை பிடித்தால் ஒரு தோளும் இருக்காது. காற்று ஏரியைப் புரட்டிப் புரட்டி அடிக்கும். படகுகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். மூடுபனி கடைக்குள்ளேயே வந்து உட்காரும். அந்த மாதங்களில் நாள் முழுவதும் நான் பேசிய வார்த்தைகளை நினைத்துப் பார்த்தால், அப்பாவிடம் சாப்பிடச் சொன்னதும் நாயை விரட்டியதும்தான் மிஞ்சும்.

கடல்காரர் வந்த முதல் மழைக்காலத்தில்தான் அது மாறியது. படகு ஓடாத நாட்களில் மற்ற படகோட்டிகள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அருகில் கூடலூர், நடுவட்டம் என்று அவர்களுக்கு ஊர் இருந்தது. இவருக்குப் போக இடமில்லை. மாலையில் கடை முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொள்வார். குடிப்பதை விடச் சூட்டைப் பிடித்துக்கொள்வதுதான் அவருக்கு முக்கியம். ஒருநாள் உள்ளேயிருந்து அப்பா குழறிய குரலில், "ஏனுங் தம்பி, உங்கூருக் கடல் எப்படியிருக்கும்?" என்று கேட்டார். அப்பாவின் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கும் புரிந்தது. எழுந்து உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பா சாகும்வரை கடலைப் பார்த்ததில்லை. அப்போது நானும் பார்த்திருக்கவில்லை. காரமடையில் பிறந்து மலையில் வாழ்கிறவர்களுக்குக் கடல் என்பது டிவியில் வருகிற ஒன்று. அவ்வளவுதான்.

அவர் வலது கையை மடக்கி அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார். தோள்பட்டையைத் தொட்டு இது கோடியக்கரை என்றார். விரல் நுனியைக் காட்டி இது ராமேஸ்வரம் என்றார். நடுவில் முழங்கை மடிப்பில் விரலை வைத்து, "இந்த மடிப்புக்குள்ளதாங்கய்யா எங்க ஊரு. இந்தக் கைக்குள்ள கெடக்குற தண்ணிதான் எங்க கடலு. நெஞ்சு இருக்குற பக்கம் யாழ்ப்பாணம்" என்றார். மூன்று பக்கமும் நிலம் அணைத்துக்கொண்டிருப்பதால் அங்கே பெரிய அலை கிடையாதாம். ராமேஸ்வரத்துக்குத் தெற்கே இருப்பது ஆண் கடல், வடக்கே இருக்கிற இவர்களுடையது பெண் கடல் என்று சொல்வார்களாம். ஆழமும் கிடையாது. நீந்தத் தெரியாத பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்துபோய்க்கொண்டே இருக்கலாம். கரையில் நிற்கிறவர்களின் முகம் தெரியாத தூரம் போன பிறகும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாது. அடியில் சேறும் மணலும் கலந்த மெத்தை. அதன் மேல் புல்வெளி போலக் கடல்தாழை. அந்தப் புல்லை மேய வருகிற கடல்பசுவைச் சின்ன வயதில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். கன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்செடுக்க மேலே வந்ததாம். தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே நவக்கிரகக் கற்கள் நிற்கும், இடுப்பளவு தண்ணீரில் அவற்றைச் சுற்றி வரலாம் என்றும் சொன்னார். அப்பாவின் கண்கள் அந்த முழங்கையை விட்டு நகரவில்லை.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் அவர் பாதையில் இறங்கும்போதே அப்பா கட்டிலிலிருந்து குரல் கொடுப்பார். "இன்னிக்குக் கடலு எப்படீங்க?" அவர் நின்று, வானத்தை அண்ணாந்து பார்த்து, ஊரிலிருந்து அப்போதுதான் கிளம்பி வந்தவர் போலப் பதில் சொல்வார். "இன்னைக்குக் கச்சான் காத்துங்கய்யா. கண்ணாடி மாதிரி கெடக்கு." மலையில் எங்களைக் கொல்லும் அதே தென்மேற்குக் காற்றுதான், மழையை எல்லாம் எங்கள் தலையில் கொட்டிவிட்டு, வறண்டு, சமவெளியைக் கடந்து அவர் ஊருக்குப் போகிறது என்று அவர்தான் சொன்னார். அங்கே அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால் கரையோரத்தில் அலையே எழாது. இங்கே ஏரியில் படகு விட முடியாத மாதங்களில் அங்கே குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு வந்து கடலில் இறங்கிக் குளிப்பார்கள், அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களுக்குள் படகில் போவார்கள், பௌர்ணமியன்று கட்டுச்சோற்றைக் கரையில் வைத்துச் சாப்பிடுவார்கள், சந்திரன் தண்ணீரிலிருந்தே எழுந்து வரும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் மட்டும் பெண் கடலுக்குக் கோபம் வரும். அப்போது அவளை நம்ப முடியாது. காற்று என்றால் தகரக் கூரையைப் பிய்ப்பது என்று மட்டும் அறிந்திருந்த எனக்கு, அது இங்கிருந்து போய் யாரோ ஒருவரின் கடலை அமைதிப்படுத்துகிறது என்பதை நினைக்க விசித்திரமாக இருந்தது. கடைக்கு ஆள் வராத பகல்களில் காற்றைக் கேட்டுக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

தனிமை என்றால் என்னவென்று அவர் வருவதற்கு முன்பு நான் யோசித்ததில்லை. குளிர் போல அது எப்போதும் இருந்தது, அதனால் பேர் வைக்கத் தோன்றவில்லை. அவர் வந்து உட்கார ஆரம்பித்த பிறகுதான், அவர் வராத மாலைகள் வேறு மாதிரி இருப்பதைக் கவனித்தேன். அவரும் பெரிதாக ஒன்றும் பேசுகிறவரில்லை. மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, குழந்தை இல்லை என்பதைக் கூட அப்பா கேட்டுத்தான் சொன்னார். எங்களோடு பேசிப் பேசி அவர் பேச்சில் எங்கள் 'ங்க' கூடிக்கொண்டே போனது. நாயிடம் கூட "அந்தப் பக்கம் போங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு ஒருநாள் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகு, கடைசியாக அப்படி எப்போது சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மூன்றாவது வருடப் பங்குனியில், கூட்டம் இல்லாத ஒரு பிற்பகல், அவர் கடைக்குள் வந்து "ஐயாவ ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போலாமாங்க?" என்று கேட்டார். டிக்கெட் எடுத்துக்கொண்டு போனோம். அப்பாவைக் கம்பளியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் படகின் நடு இருக்கையில் வைத்தார். நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் அந்த ஏரிக் கரையில் டீ விற்ற அப்பா அதற்கு முன் படகில் ஏறியதே இல்லை. நான் சிறுமியாக இருக்கும்போது ஒருமுறை ஏறியிருந்தேன். ஏரி விரல் விரலாகப் பிரிந்து பள்ளத்தாக்குகளுக்குள் போகும். அப்படி ஒரு விரலின் உள்ளே, சோலை மரங்கள் தண்ணீர் வரை இறங்கி நின்ற இடத்தில், அவர் எஞ்சினை நிறுத்தினார். படகு தானாக மெல்லச் சுற்றியது. எஞ்சின் சத்தம் போன பிறகு வந்த அந்த அமைதியில், கரையில் ஒரு காட்டெருமை தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா நன்றாக இருந்த கையை வெளியே நீட்டித் தண்ணீரில் விட்டார். "இது மாதிரிதான் இருக்குமாங்?" என்று கேட்டார். கடல்காரர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இதுக்கு அக்கரை தெரியுதுங்கய்யா. அங்க தெரியாது" என்றார். அப்பா ஈரக் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ போய்ப் பாத்துட்டு வா கண்ணு" என்றார்.

அடுத்து வந்த ஆடியில், மழை தகரத்தை அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நான் வாணலியின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது கடல்காரர் என்னிடம் கேட்டார். அவருடைய அண்ணன்மார் சேர்ந்து ஒரு பைபர் படகுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். தைக்குள் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். வாணலியில் பஜ்ஜி சிவந்துகொண்டிருந்தது. "நீங்களும் வந்துருங்களேன்" என்றார். பிறகு, நான் தப்பாக எடுத்துக்கொள்வேனோ என்று பயந்தவர் போல அவசரமாக, "முறையா கட்டிக்கிட்டுத்தாங்க. ஐயாவையும் கூட்டிட்டுப் போயிருவோம். வாசல்ல கட்டிலப் போட்டா கடல் தெரியும். நாள் பூரா பாத்துக்கிட்டுக் கெடக்கலாம்" என்றார். நான் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டேன். எண்ணெயில் போட்டது கருகிவிடக் கூடாது என்பது அப்போது எனக்கு உலகத்திலேயே முக்கியமான காரியமாக இருந்தது. வடித்து எடுத்துத் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்திய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றேன்.

யோசித்தேன். ஊட்டி மருத்துவரிடம் கேட்டபோது, அப்பாவின் நெஞ்சுக்கு இந்த மலை இறக்கமும் கீழே உள்ள வெயிலும் ஆகாது என்றார். அதை அப்படியே கடல்காரரிடம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் மருத்துவர் போகலாம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வயது வரை ஒரே பாதையின் ஓரத்தில் நின்று வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்தவள் நான். அவர்கள் கிளம்புவார்கள், நான் நிற்பேன். அதுதான் எனக்குப் பழகியிருந்தது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுபடி வற்புறுத்தவில்லை. "ஐயா மனசு நோகக் கூடாதுங்க. அவருகிட்ட நான் கேட்டதா சொல்லிக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார். நான் சொல்லவில்லை. ஆனால் பலகைக் கதவு எப்போதும் போல அன்றும் திறந்துதான் இருந்தது. அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வாரம் முழுவதும் கஞ்சியைப் பாதியில் போதும் என்று தள்ளினார்.

மார்கழிக் கடைசியில் அவர் போனார். கூடலூரிலிருந்து ஊட்டி போகும் காலைப் பேருந்து, பனியில் விளக்கைப் போட்டுக்கொண்டு வளைவில் வந்தது. அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். என்னிடம் செல்போன் நம்பரைச் சொல்லி, "எப்ப வந்தாலும் வாங்க. கரையில வந்து யாருகிட்ட வேணும்னாலும் பேரச் சொன்னாப் போதும்" என்றார். பேருந்து ஏறும்போது திரும்பிப் பார்த்தார். நான் கையை அசைத்தேனா இல்லையா என்பது நினைவில்லை. குளிரில் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அந்த நம்பரை நான் ஒருமுறையும் அழைக்கவில்லை. அழைத்து என்ன சொல்வது? கடைக்குப் புதிதாகக் குல்லாய் வந்திருக்கிறது என்றா, காட்டெருமை வேலியை முட்டிச் சாய்த்துவிட்டது என்றா?

அதன் பிறகும் அப்பா கொஞ்ச காலம் காலையில் கேட்டார். "இன்னிக்குக் கடலு எப்படி கண்ணு?" முதல் சில நாள் டீயைக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். பிறகு வெளியே போய்க் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, கடல்காரர் சொன்னது போலவே சொல்லப் பழகினேன். கச்சான், அமைதியாக இருக்கிறது. வாடை, இன்று யாரும் போகவில்லை. பார்க்காத கடலின் செய்தியை, அதைப் பார்க்காத இன்னொருவருக்கு நான் தினமும் சொன்னேன். இரண்டாவது வருடம் புரட்டாசியில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்து ஆட்கள் போன பிறகு கடையைத் திறந்தேன். பலகைக் கதவைச் சாத்தி வைத்தால் மூச்சு முட்டியது, திறந்து வைத்தால் வெறும் கட்டில் தெரிந்தது. காலையில் வழக்கம் போல வெளியே போய்க் காற்றைப் பார்த்தேன். சொல்ல ஆளில்லை.

அடுத்த ஆனியில், மழை பிடித்ததும், கடையைச் சாத்திவிட்டு நான் கிளம்பினேன். கோயம்புத்தூர், மதுரை, தேவகோட்டை என்று பேருந்து மாறி மாறிப் போனேன். இறங்க இறங்கக் காற்று சூடாகியது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். தொண்டிக்குத் தெற்கே ஒரு சிறிய நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். பனைமரங்களுக்கு நடுவே மண் சாலையில் நடந்தேன். ஒரு வளைவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், நிலம் முடிந்துவிட்டது. மலையில் எங்கே பார்த்தாலும் கண்ணுக்கு ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும், ஒரு சரிவு, ஒரு மரம், ஒரு மேகம். இங்கே கண்ணைத் தடுக்க ஒன்றுமில்லை. வெளிர் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வானம், இரண்டும் சேரும் இடத்தில் கோடு கூட இல்லை. வலது புறமும் இடது புறமும் கரை மெதுவாக வளைந்து, புகையாகி மறைந்தது. அலை இல்லை. தண்ணீர் கரையில் ஒரு துணியின் ஓரம் போல அசைந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. தகரத்தைப் பிய்க்கும் என் காற்று, இங்கே என் முதுகிலிருந்து மெல்ல வீசி, சேலைத் தலைப்பைக் கடலை நோக்கி நீட்டியது.

ஞாயிற்றுக்கிழமை. கரை நிறையக் கூட்டம். வேன்களில் வந்த குடும்பங்கள் வேட்டியும் சேலையுமாகத் தண்ணீருக்குள் வெகுதூரத்தில் நின்றுகொண்டிருந்தன. யாரும் நீந்தவில்லை. நின்றும் உட்கார்ந்தும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை இறைத்துக்கொண்டும் இருந்தார்கள். ஓலைக் கொட்டகை ஒன்றில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து மீனும் நண்டும் சமைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் அவர் பேரைச் சொன்னேன். அடுப்பின் முன்னால் இருந்த ஒரு பெண் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என்னை விட இளையவள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. என் கையில் மடித்துப் போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

"நீங்க பைக்காரா டீக்கடை அக்காதான?" என்றாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு அலையாத்திக் காட்டுக்குள் போயிருக்கிறார், வர நேரமாகும், உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சைத் துடைத்தாள். "ஒங்களப் பத்திச் சொல்லிருக்காகக்கா. என்னையக் கட்டுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டாக" என்றாள். குத்தலாக அல்ல, ஒரு பொருளை எடுத்து அதன் இடத்தில் வைப்பது போலச் சொன்னாள். "அப்பா எப்படி இருக்காக?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அவள் கண் உடனே நிறைந்துவிட்டது. பார்க்காத ஒரு மனிதருக்காக ஒரு பெண் கண் கலங்குவதைப் பார்த்தபோது, அப்பா செத்த அன்று கூட வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. குழந்தை என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

சோறும் நண்டுக் குழம்பும் போட்டாள். சாப்பிட்ட பிறகு, குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, "வாங்கக்கா, கடலுக்குள்ள போவோம்" என்று என் கையைப் பிடித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் கைவிரலை மரக்கடிக்கும் தண்ணீர். பயந்து ஒருமுறை காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "பயப்படாதீக, ஆழமே கெடையாது" என்றாள். நடந்தோம். காலடியில் சேறு மெத்தையாக அமுங்கியது. தாழை இலைகள் கணுக்காலைத் தடவின. நடந்துகொண்டே இருந்தோம். முழங்கால் நனைந்ததும் நின்று திரும்பினேன். கொட்டகை ஒரு தீப்பெட்டி போலத் தெரிந்தது. கரையில் இருப்பவர்களின் முகம் தெரியவில்லை. அவள் என் கையை விடவில்லை. அந்தக் கையின் உட்புறம் சொரசொரப்பாக, சமையல் செய்யும் கைகளுக்கே உரிய சூட்டோடு இருந்தது. என் கையும் அப்படித்தான் இருக்கும். நான் வர மறுத்த இடத்தில் வந்து நிற்பவள் அவள் என்று என் மனதில் ஒரு முள் இருந்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. அதற்குப் பதிலாக, இந்தக் கையை விட்டால் திரும்பிப் போக எனக்கு ஒரு கடையும் ஒரு வெறும் கட்டிலும்தான் இருக்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மாலையில் அவர் வந்தார். நன்றாகக் கறுத்திருந்தார். மலையில் எப்போதும் தோளைக் குறுக்கிக்கொண்டே இருந்தவர், இங்கே நிமிர்ந்து நின்றார். என்னைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஐயா?" என்றார். நான் சொன்னேன். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். பிறகு அன்றைய கடைசி நடைக்கு, சுற்றுலா வந்தவர்களோடு என்னையும் ஏற்றிக்கொண்டார். வாய்க்கால்களின் இரு பக்கமும் அலையாத்தி மரங்கள் வேர்களை ஊன்றுகோல் போல ஊன்றி நின்றன. நாரைகள் கூட்டமாக எழுந்தன. வாய்க்கால் முடிந்து படகு திறந்த கடலுக்கு வந்ததும், அவர் மற்றவர்களுக்குச் சொல்வது போல, ஆனால் என்னைப் பார்த்து, "சொன்னது மாதிரி இருக்குதுங்களா?" என்று கேட்டார். "இருக்குதுங்க" என்றேன். அந்தப் 'ங்க'வைக் கேட்டுப் படகிலிருந்த அவரது உறவுக்காரர் ஒருவர் சிரித்தார். மலையிலிருந்து வந்த பிறகும் இவருக்கு அது போகவில்லை, மீனுக்குக் கூட மரியாதை கொடுக்கிறார் என்றார். அவரும் சிரித்தார். நாங்கள் பேசியது அவ்வளவுதான். மறுநாள் காலை அவர் கடலுக்குப் போன பிறகு நான் கிளம்பினேன். அவள்தான் நிறுத்தம் வரை வந்து, என் நம்பரையும் வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டாள்.

அதன் பிறகு அவள் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், சமையல் வேலை முடிந்து. கடைக்குள் சிக்னல் சரியாக நிற்காது. சாலை வளைவுக்குப் போய் நின்று பேச வேண்டும். குழந்தை நடக்கிறது, குழந்தைக்குப் பல் முளைக்கிறது, நண்டு இந்த வாரம் சரியாகப் படவில்லை என்பாள். நான் இங்கே பனி விழுந்ததையும் சீசன் கூட்டத்தையும் சொல்வேன். அவரைப் பற்றி நான் கேட்பதில்லை. கேட்காமலேயே பேச்சின் கடைசியில், நன்றாக இருக்கிறார் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வைப்பாள். வாரத்தில் என்னைப் பேர் சொல்லாமல் உறவு சொல்லிக் கூப்பிடும் குரல் அது ஒன்றுதான்.

போன கார்த்திகையில் ஒரு வேலை நாள் காலை. இங்கே இரவிலிருந்து மழை. படகு விடவில்லை. போன் ஒரே ஒருமுறை அடித்து நின்றது. அவள் பேர் தெரிந்தது. குடையை எடுத்துக்கொண்டு வளைவுக்கு ஓடி அழைத்தேன். எடுத்ததும் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. "அக்கா, வாட தூக்கிருச்சுக்கா. விடியக் கருக்கல்ல போனாக. இன்னும் வரல. எல்லாப் படகும் ஒண்ணு ஒண்ணா வருது. இவுகள மட்டும் காணோம்" என்றாள். ஏன் எனக்கு அழைத்தாள் என்று நான் கேட்கவில்லை. கரையில் அவளைச் சுற்றி ஊரே நின்றிருக்கும். "நான் இருக்கேன் கண்ணு, வெக்காத" என்றேன். அவள் வைக்கவில்லை. இருவரும் ஒன்றும் பேசாமல் நின்றோம். அவள் பக்கம் காற்று, என் பக்கம் மழை. அவ்வப்போது, "ஒரு படகு வருதுக்கா" என்பாள். பிறகு, "இல்ல, அது வேற" என்பாள். சாலையில் கூடலூர் லாரி ஒன்று என் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போனது. நான் நகரவில்லை. நகர்ந்தால் சிக்னல் போய்விடும். யாருக்காக என் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்கிறது, அவருக்காகவா, அவளுக்காகவா, அந்தக் குழந்தைக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"அக்கா! நீலப் படகு! அவுகதான்! வந்துட்டாக, வந்துட்டாகக்கா!" என்று கத்தினாள். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. போனை அணைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே தண்ணீருக்குள் ஓடியிருக்கிறாள். கால்கள் தண்ணீரை அடிக்கும் சத்தம் கேட்டது. மூச்சிரைப்பு கேட்டது. தூரத்தில் ஆண்களின் கூச்சல். அவள் யாரையோ அழுதுகொண்டே திட்டினாள். ஒரு ஆண் குரல் என்னவோ பதில் சொன்னது. என்ன சொன்னது என்று தெரியவில்லை, ஆனால் குரல் தெரிந்தது. பிறகு அவள் சிரித்தாள். போன் அப்படியே எங்கோ கவனமில்லாமல் கிடந்து, வெகுநேரம் கடலின் சத்தத்தை மட்டும் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அது தானாக நிற்கும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.

நின்ற பிறகு கடைக்கு வந்தேன். அந்த மழையில் யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் ஈரச் சேலையோடு அடுப்பைப் பற்ற வைத்துப் பால் காய்ச்சினேன். ஒரு டீ போட்டேன். முன்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அது ஆறிப்போகும் முன்னால், நானே குடித்தேன்.